பனையும் பனையேறுவோரும்

நட்பின் தரத்தை ஆராயப் புகுந்த நாலடியார், மூவகை நண்பர்க்கு மூவகை மரங்களை உவமையாகக் காட்டுகிறது. நாள்தோறும் நீர் பாய்ச்சிப் பேணினாலன்றிப் பயன் தராத கமுகு கடைப்பட்டவர் நட்பு. இடையிடையே கவனித்துவர வேண்டிய தென்னை இடைப்பட்டவர் நட்பு. விதையை இட்ட நாளில் இட்டதோடு சரி, பிறகு எதையும் வேண்டாது தானே வளர்ந்து பயன் நல்கும் பனை தலையாயவர் நட்பு. 'நட்பாராய்தல்' அதிகாரத்தில் வரும் இவ்வுவமையை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் மாணவர்கள் தலையசைத்து ஏற்றுக்கொள்வது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் மட்டும் எழுந்து, "ஐயா, தண்ணீரும் வேண்டாம், உரமும் வேண்டாம், காவலும் வேண்டாம் என்றால், பனை ஏன் குறைந்துகொண்டே வருகிறது?" என்று வினவினார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. நகர்ப்புற வளர்ச்சி, மரம் வெட்டுதல் என்று ஏதோ கூறிச் சமாளித்தேன். அவ்வினாவைத் தேடிச் சென்றதில் அறிந்தவற்றை இம்மலரின் வழியே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பனைக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பு தமிழ்த்துறையினர்க்குப் புதிதன்று. சேர மன்னர் சூடிய அடையாளப் பூ போந்தை எனப்படும் பனம்பூ. காதலுக்காக மடலேறத் துணிந்த தலைவன் ஏறிய குதிரை பனங்கருக்கால் ஆனது. தினையளவு செய்த உதவியைப் பனையளவாகக் கொள்வது பயன் அறிந்தோர் இயல்பு என்கிறார் வள்ளுவர். பனையின் பயன்களை மட்டுமே பாடுபொருளாகக் கொண்டு 'தாலவிலாசம்' என்றொரு நூல் உண்டு. அது கூறும் பயன்கள் 801 என்பர். பனைக்குளம், பனையூர், திருப்பனந்தாள் என ஊர்ப்பெயர்களிலும் அது வேரூன்றி நிற்கிறது. இவை யாவும் நாம் மேடைகளில் பலமுறை கேட்டவையே. ஆகவே விரிக்காது மேற்செல்வோம்.

ஆனால் தொல்காப்பியர் கூறும் ஒரு செய்தியைக் கடந்து செல்ல மனம் ஒப்பவில்லை. நாம் பனைமரம் என்கிறோம்; அவரோ பனையை மரம் என்று கொள்வதில்லை. வெளிப்புறத்தில் வன்மை உடையவற்றைப் புல் என்றும், உட்புறத்தில் வன்மை உடையவற்றை மரம் என்றும் மரபியலில் அவர் பகுக்கிறார். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை முதலிய சொற்களைப் புல்லின் உறுப்புகளுக்கு உரியனவாக வகுத்தும் வைக்கிறார். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லுக்கு அயலில், ஒருவித்திலைத் தாவரங்களின் கூட்டத்தில்தான் வைக்கிறது. தேக்கையோ வேம்பையோ குறுக்கே அறுத்தால் ஆண்டு வளையங்கள் தெரியும். பனையை அறுத்தால் வளையம் இராது. வெளிவட்டத்தில் கறுத்து இறுகிய நார்க்கற்றைகளும் நடுவில் மென்மையான சோறும் காணப்படும். பழைய வீடுகளின் கூரையைத் தாங்கும் பனங்கைகள் அனைத்தும் அந்த வெளிவட்டத்து வைரத்திலிருந்து அறுக்கப்பட்டவை. வேம்பைப் போல ஆண்டுதோறும் பருக்கும் ஆற்றலும், பட்ட காயத்தைப் புதுப்பட்டையால் மூடும் ஆற்றலும் பனைக்கு இல்லை. நூறாண்டுக்கு முன் ஒருவர் அரிவாளால் இட்ட தழும்பை இன்றும் அதன்மீது காணலாம்.

இனி அது வளரும் விதத்தைக் காண்போம். நாலடியாரின் உவமை எத்துணை நுட்பமானது என்பது இங்கேதான் விளங்கும்.

ஆவணி, புரட்டாசி மாதங்களில் பனம்பழம் உதிர்கிறது. ஒரு பழத்துக்குள் பெரும்பாலும் இரண்டு மூன்று கொட்டைகள் இருக்கும். கொட்டை மண்ணில் கிடந்து சில வாரங்களில் முளைக்கிறது. ஆயினும் முதலில் வெளிப்படுவது இலையும் அன்று, வேரும் அன்று. குழாய் போன்ற ஒரு தண்டு, தன் நுனியில் கருவைச் சுமந்துகொண்டு மண்ணைத் துளைத்துக் கீழே இறங்குகிறது. பிற விதைகள் வெளிச்சத்தை நோக்கி எழும் வேளையில், பனங்கரு இருளை நோக்கி ஓரடி, ஈரடி எனப் புதைகிறது. ஈரம் எங்கே நிலைத்திருக்கிறதோ அங்கே சென்று தங்கிய பின்னரே வேர் விட்டு, மேல்நோக்கி முளை விடுகிறது. இதற்கிடையே கொட்டைக்குள் பஞ்சு போன்ற ஒரு பொருள் வளர்ந்து, கெட்டியான வெண்பருப்பைக் கரைத்துக் கீழே உள்ள கருவுக்கு உணவாக அனுப்புகிறது. தென்மாவட்டச் சிறுவர்கள் கொட்டையை வெட்டித் தின்னும் தவுண் அதுவே. பூரான் என்பாரும் உளர். அனுப்பப்பட்ட உணவு முதல் இலையின் உறையில் மாவாகத் திரண்டு பருக்கிறது. அதைத்தான் தைப்பொங்கல் நாளில் பனங்கிழங்கு என்று அவித்து உண்கிறோம். கிழங்கு வேண்டுவோர் மண்ணைப் பாத்தியாக உயர்த்திக் கொட்டைகளை மேலே பரப்பி, மார்கழி, தை மாதங்களில் அகழ்ந்தெடுப்பர். பனை வேண்டுவோர் அகழாமல் விட்டுவிட வேண்டும். இரண்டும் ஒரே கொட்டையில் கிட்டா.

வறட்சியோ, ஆட்டின் வாயோ, காய்ந்த புல்லில் பரவும் தீயோ இளம்பனையை எளிதில் கொல்ல இயலாமைக்கு இதுவே காரணம். மேலே தெரியும் இலை அழிந்தாலும் உயிர் மண்ணுக்கடியில் பத்திரமாக இருக்கிறது. பனங்கன்றைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பிழைப்பது அரிது என்பதற்கும் இதுவே காரணம். நெகிழிப் பையில் பனை வளர்க்க முயன்றோர், குழாய்த்தண்டு பையின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியேறுவதைக் கண்டிருப்பர். ஆதலால் கொட்டையை நிற்க வேண்டிய இடத்திலேயே இடுவதுதான் முறை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, பத்தடி இடைவெளியில், அரையடி ஆழத்தில் இட்டு மூடிவிட்டால் போதும். ஏரிக்கரை, வாய்க்கால் வரப்பு, கடலோர மணல்மேடு ஆகியவை அதற்கு ஏற்ற இடங்கள். சல்லிவேர்கள் பரந்து மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும். 2018-ஆம் ஆண்டின் கஜா புயலில் காவிரிக் கடைமடைப் பகுதியின் தென்னந்தோப்புகள் பெருவாரியாகச் சாய்ந்தபோது, அவற்றிடையே நின்ற பனைகளிற் பல நின்றவாறே நின்றதைக் கண்டவர் பலர்.

இத்தனை நன்மைக்கும் பனை கேட்கும் விலை ஒன்று உண்டு. அது காலம். முதற்சில ஆண்டுகள் தரையோடு தரையாக ஓலைகளை மட்டும் விரித்து நிற்கும். அப்பருவத்தை வடலி என்பர். மண்ணுக்கடியில் தண்டு தன் முழுப்பருமனை அடைந்த பிறகே மேலெழத் தொடங்கும். அதன்பின் ஆண்டுக்கு ஏறத்தாழ ஓரடி உயரும். பாளை விடுவதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் ஆகலாம். பனையில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண்பனை அலகுப் பனை எனவும், பெண்பனை பருவப் பனை எனவும் வழங்கும். நுங்கும் பழமும் பெண்பனைக்கே உரியன. பதநீர் இரண்டிலும் கிடைக்கும். எனினும் முதற்பாளை வெளிவரும்வரை எது ஆண், எது பெண் என்று எவராலும் கூற இயலாது. நாற்பது வயதில் கொட்டை இடுபவர் அறுபதில்தான் தாம் நட்டது இன்னதென அறிவார். நாலடியார் குறிப்பிடாத செய்தி இது: பனை நீரைக் கேட்பதில்லை, பொறுமையைக் கேட்கிறது.

இவ்வளவும் அறிந்தும் மாணவர் எழுப்பிய வினா அப்படியே நின்றது. எனவே 2022-ஆம் ஆண்டு வைகாசியில், மாணவர் சிலருடன் உடன்குடியை அடுத்த தேரிக்காட்டுக்குச் சென்றேன். செம்மணல் மேடுகளுக்கிடையே பனைகள் அணிவகுத்து நிற்கும் பகுதி அது. பனைத்தொழிற் சொற்களைத் தொகுப்பது மாணவர்க்கு இட்ட பணி. அறுபது வயதைக் கடந்த பின்னும் ஏறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களை அன்போடு வரவேற்றார். "அண்ணாச்சி, உங்க வேலைய நாங்க கெடுத்துரக் கூடாது" என்றேன். "வேல பாட்டுக்கு வேல நடக்கும், சார். நீங்க கீழ நின்னு எழுதிக்கிடுங்க, நான் மேல இருந்து சொல்லுதேன்" என்று கூறி, அரிவாள் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

மரத்தின் அடியில் முறுக்குத்தடியைச் சாய்த்து முதல் அடியை வைத்தார். பாதங்களைத் தளைநார் பிணைத்திருந்தது. கைகளால் மரத்தை அணைத்து, மார்பை ஒட்டி, கால்களை உந்தி மேலேறிய வேகத்தில் எங்கள் எழுதுகோல்கள் நின்றுவிட்டன. உச்சியை அடைந்ததும் ஓலைகளுக்கிடையே புகுந்து அமர்ந்தார். பனைமட்டையின் இருபுறமும் உள்ள கருக்கு, அரத்தின் பல் போன்றது. தொட்டால் தோல் கிழியும். அதனிடையேதான் வேலை. பாளையை முதலிற் சில நாள்கள் இடுக்கியால் நசுக்கிப் பக்குவப்படுத்த வேண்டும். ஆண்பனையின் பாளைக்கு ஒருவகை இடுக்கி, பெண்பனையின் பாளைக்கு வேறுவகை. பக்குவம் வந்ததும் நுனியை அரிவாளால் மெல்லியதாகச் சீவிக் கலயத்தைக் கட்டிவிடுவர். சீவுவதில்தான் கலை இருக்கிறது. தடித்துச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துபோகும்; போதிய அளவு சீவாவிட்டால் நுனி அடைபட்டு ஊறல் நின்றுபோகும். நாளும் காலை, மாலை இருவேளை ஏறியாக வேண்டும். மூன்று வேளை ஏறுவதும் உண்டு. ஒரு நாள் தவறினாலும் பாளை கெடும். நல்லநாள், பெரியநாள் என்று விடுப்பு எடுக்க முடியாத தொழில் அது.

மாணவர் ஒருவர் அங்கேயே கணக்கிட்டுக் காட்டினார். ஐம்பதடி உயரமுள்ள நாற்பது பனைகளில் ஒருவர் நாளொன்றுக்கு இருமுறை ஏறினால், ஏறிய உயரம் மட்டும் நாலாயிரம் அடி. ஏற்காட்டு மலையின் உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை வெறும் காலோடு நாள்தோறும் ஏறி இறங்குவதற்கு ஒப்பு. பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்தார். மார்பிலும் உள்ளங்கையிலும் காய்த்திருந்த காய்ப்பைப் பார்த்த நாங்கள் சிரிக்கவில்லை.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசப்பட்டிருக்கும். பாளையிலிருந்து வடியும் சாற்றில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சர்க்கரைப் பொருள் உண்டு. காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சில மணி நேரத்துக்குள் புளிக்கவைத்துக் கள்ளாக்கிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை அந்நுண்ணுயிர்களைச் செயலற்றதாக்குவதால் சாறு பதநீராகவே நிலைக்கிறது. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம். விரல் நுனியளவு சுண்ணாம்பு இருப்பதும் இல்லாததுமே வேறுபாடு. எங்கள் இளமையில், 1980-களின் நடுப்பகுதியில், ரமலான் கோடைக்காலத்தில் வந்தது. அஸர் தொழுகை முடிந்ததும் நுங்குக் குலையும் மாலைப் பதநீரும் தெருவுக்கு வரும். வாப்பா அவர்கள் பதநீர் வாங்குமுன் கலயத்தின் உள்வாயைச் சுட்டுவிரலால் வழித்துப் பார்ப்பார்கள். விரலில் வெண்மை ஒட்டினால்தான் பாத்திரத்தை நீட்டுவார்கள். பதநீர் கொண்டுவந்தவர் அதைக் குறையாகக் கருதியதில்லை. அவரே கலயத்தைச் சாய்த்துக் காட்டுவார். ஒருவர் நம்பிக்கையை மற்றவர் அறிந்து நடந்துகொண்ட அக்காலத்துப் பண்பு அது.

இறக்கிய பதநீரைக் காய்ச்சுவது பெண்களின் உழைப்பு. பருவம் முடியும்வரை நிற்பதற்காக ஓலையால் வேயப்பட்ட குடிசைக்கு விடிலி என்று பெயர். அதனுள் பெரியவரின் துணைவியார் அடுப்பின் முன் அமர்ந்திருந்தார். தாச்சியில் பதநீர் கொதித்துப் பொங்கியபோது நசுக்கிய ஆமணக்கு முத்து ஒன்றை இட்டார். பொங்கிய நுரை உடனே அடங்கிற்று. நீர் வற்றிக் கூப்பனி என்னும் பாகு நிலையை அடைந்து, மேலும் இறுகிப் பதம் வந்ததும், சிரட்டைகளில் வார்க்கிறார்கள். எட்டுப் பத்து லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ கருப்பட்டி தேறும். சுக்கும் மிளகும் சேர்த்துத் தட்டினால் சில்லுக் கருப்பட்டி. பாகைப் பானையில் ஊற்றி, நூல் தொங்கவிட்டு, ஒன்றரை மாதம் அசையாது வைத்தால் நூலைச் சுற்றிப் பனங்கற்கண்டு விளையும். புகைக்கும் வெப்பத்துக்கும் நடுவில் அந்த அம்மையார் நாள்தோறும் எத்தனை மணி நேரம் அமர்ந்திருக்கிறார் என்று மாணவியர் கேட்டனர். "அவுக எறங்குத வரைக்கும் அவுகளுக்கு வேல, அவுக எறங்கின பெறவு எனக்கு வேல" என்பது விடை. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததைச் செய்தித்தாளில் படித்தபோது எனக்கு அந்த அடுப்புதான் நினைவுக்கு வந்தது.

ஓலையைப் பற்றிக் கூறாமல் தமிழ்த்துறை மலரில் பனையைப் பற்றி எழுதுவது முறையாகாது. குருத்துக்கும் முற்றிய ஓலைக்கும் இடைப்பட்ட சாரோலை, பெட்டியும் கொட்டானும் முடைவதற்கு ஏற்றது. எழுதுவதற்கான ஓலையைத் தேர்ந்து, நறுக்கி, உலர்த்தி, வேகவைத்து, மீண்டும் உலர்த்தி, மெருகேற்றுவர். அதற்குப் பாடம் செய்தல் என்று பெயர். எழுத்தாணியால் அழுத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பதால் சுவடி எழுதியோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதைத் தவிர்த்தனர். அதனால் எகர ஒகரங்களின் குறில், நெடில் வேறுபாடு மயங்கியதும், வீரமாமுனிவர் அதற்குத் தீர்வு கண்டதும் மாணவர் அறிந்தவை. உமறுப்புலவரின் சீறாப்புராணமும் பனையோலையில் வாழ்ந்த காப்பியமே. செய்கப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் ஏடுகளைத் தேடித் தொகுத்து 1842-இல் அச்சேற்றும்வரை அதைக் காத்தது பனையும், படியெடுத்தோர் கையும்தாம்.

ஈழத்தில், குறிப்பாக யாழ்ப்பாணத்தில், பனை இதனினும் ஆழமாக உணவில் கலந்திருக்கிறது. கிழங்கைப் பிளந்து உலர்த்திய ஒடியல், அவித்து உலர்த்திய புழுக்கொடியல், பழச்சாற்றைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்த பனாட்டு ஆகியவை நம் பகுதியில் அருகிப்போன பக்குவங்கள். அங்கே 1978-இல் பனை அபிவிருத்திச் சபையே அமைக்கப்பட்டது. போர்க்காலத்தில் எண்ணற்ற பனைகள் குண்டுவீச்சுக்கு இரையாயின. பதுங்குகுழிகளின் காப்புக்காகவும் வெட்டப்பட்டன. அது தனிக்கட்டுரைக்கு உரிய துயரம்.

மீண்டும் வினாவுக்கு வருவோம். தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. செங்கற்சூளைக்கு எரிபொருளாகப் பனைகள் லாரி லாரியாகச் செல்வதை அனைவரும் கண்டிருக்கிறோம். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் முதன்முறையாகத் தனியே அளிக்கப்பட்ட வேளாண் நிதிநிலை அறிக்கை, 76 இலட்சம் பனை விதைகளை வழங்கும் திட்டத்தை அறிவித்தது. மாவட்ட ஆட்சியரின் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்றும் கூறியது. இளைஞர் அமைப்புகளும் ஏரிக்கரைகளில் பனங்கொட்டைகளை ஆர்வத்தோடு ஊன்றி வருகின்றன. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவையே. ஆயினும் தேரிக்காட்டுப் பெரியவரிடம் நான் இவற்றைக் கூறியபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "வெதையப் போட்டா பன வந்துரும், சார். அது வராமப் போவாது. ஏறுததுக்கு ஆளு வருமா?" என்றார்.

அதுதான் விடை. ஏறுவார் உள்ள பனை ஆண்டில் பாதி நாள் வருவாய் தரும். ஏறுவார் இல்லாத பனை நிலத்துக்காரர்க்கு நிழல்கூடச் சரியாகத் தராத ஒரு தூண். பயன் தராத தூணை எவரும் நெடுநாள் வைத்திருப்பதில்லை. சூளைக்காரர் விலை பேசும்போது பனை விழுகிறது. கோடரி விழுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, கடைசியாக ஏறியவர் இறங்கிய நாளிலேயே அதன் முடிவு எழுதப்பட்டுவிடுகிறது. சட்டம் கோடரியைத் தடுக்கலாம், ஏணியாக முடியாது. தென்னை ஏறும் கருவிகள் இதற்கு உதவுமே என்று கேட்கலாம். அடி பருத்து, மேலே சிறுத்து, மேனியெங்கும் சொரசொரத்து நிற்கும் பனையில் அவை எளிதில் பொருந்துவதில்லை. பொருந்தினாலும் உச்சிவரைதான் கொண்டுபோய் விடும். அதன்பின் கருக்குகளுக்கிடையே புகுந்து பாளையைப் பக்குவம் செய்வது கையும் கண்ணும்தான்.

ஏறுவார் ஏன் குறைந்தனர்? பருவம் ஆண்டில் ஆறு மாதமே. எஞ்சிய மாதங்களுக்குக் கடன். தவறி விழுந்தால் உயிர் அல்லது முதுகெலும்பு. வெள்ளைச் சீனியைக் கலந்து காய்ச்சிய கருப்பட்டி குறைந்த விலைக்குச் சந்தையில் குவியும்போது, கலப்பில்லாத கருப்பட்டி காய்ச்சுபவர் தம் உழைப்புக்குரிய விலையைக் கேட்க முடிவதில்லை. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை உள்ளது. கள்ளை நாம் வேண்டுவோம் அல்லோம். ஆனால் பதநீர் இறக்குபவரும் ஐயத்தோடு பார்க்கப்படும் நிலை அவரைத் தொழிலிலிருந்து விரட்டுகிறது. வாப்பாவைப் போல விரலால் வழித்துப் பார்க்கும் பொறுமை விசாரிக்க வருவோர் அனைவர்க்கும் வாய்ப்பதில்லை.

இக்காரணங்களை எழுதிக்கொண்டு புறப்படும் வேளையில் மாணவர் ஒருவர், "உங்கள் மகன் இத்தொழிலுக்கு வரவில்லையா?" என்று கேட்டுவிட்டார். மகன் வெளியூரில் கடையொன்றில் வேலை செய்கிறார் என்றார் பெரியவர். சிறுவயதில் அப்பாவின் பின்னே ஓடிவந்து வடலியில் ஏறிப் பழகியவர்தாம். "பள்ளிக்கொடத்துல கணக்கு தப்பாப் போட்டான்னு வாத்தியாரு, 'நீ பன ஏறத்தான் லாயக்கு'ன்னுட்டாரு. வகுப்பே சிரிச்சிருக்கு. அன்னைக்கு விட்டவன், சார், பனையத் தொடல." அவர் யாரையும் குறை கூறும் குரலில் அதைச் சொல்லவில்லை. மாணவர்கள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தனர். நான் அந்த ஊர் ஆசிரியன் அல்லேன். ஆனால் முப்பதாண்டு ஆசிரியப் பணியில் அதே சொல்லை நானும் சொன்னதுண்டு. எத்தனை முறை, எவரிடம் என்பது நினைவில் இல்லை. சொல்லப்பட்டவர்க்கு இருக்கும்.

பத்தாம் நூற்றாண்டுச் சொல்லையும் பதினேழாம் நூற்றாண்டுச் சுவடியையும் தேடிச் செல்லும் நாம், தளைநார், இடுக்கி, கூப்பனி, விடிலி என்னும் சொற்களை இன்றும் வாயால் வழங்கிக்கொண்டிருக்கும் ஒருவரை வகுப்பறையில் இகழ்ச்சிக்கு உவமையாக்கியிருக்கிறோம். பனையை நட்பின் உச்சிக்கு உவமையாக்கிய மொழியில் இது நிகழ்ந்திருக்கிறது.

அவ்வாண்டு புரட்டாசியில் பெரியவர் ஒரு சாக்கு நிறையப் பனங்கொட்டை அனுப்பிவைத்தார். கல்லூரியின் கிழக்கு வேலியை ஒட்டி மாணவர்கள் அவற்றை ஊன்றினர். சில முளைக்கவில்லை, முளைத்த சிலவற்றின் முதல் ஓலையை ஆடுகள் கடித்தன, அவை மீண்டும் துளிர்த்தன. மறு கோடையில் பெரியவரைத் துறைக்கு அழைத்திருந்தோம். சிறப்புச் சொற்பொழிவு என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்ததைக் கண்டு கூச்சப்பட்டார். மேடையில் அமர மறுத்து, தளைநார் முறுக்கும் விதத்தையும் இடுக்கி பிடிக்கும் விதத்தையும் மாணவர்க்கு ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் காட்டினார். வேலியோரம் நிற்கும் பனங்கன்றுகள் ஆணா, பெண்ணா என்று ஒரு மாணவி கேட்டபோது, "நீ ஒம் பிள்ளையக் கூட்டிக்கிட்டு வாம்மா, அப்பத்தான் தெரியும்" என்றார்.